முக்கால் இஞ்ச்

ஆபரேஷன் முடிந்து பதினான்காம் நாள் தையல் பிரிக்கப் போனபோதே சொன்னேன். "டாக்டர் சார், என்ற வலது காலு நீளமாயிருச்சுங்க" என்றேன். அவர் என் காலைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த எக்ஸ்ரேயைப் பார்த்தார். "சூப்பரா உட்கார்ந்திருக்கும்மா. படம் எடுத்துப் புஸ்தகத்துல போடலாம்" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். படம் நன்றாக இருந்தால் எனக்கென்ன ஆச்சு? நடக்கப்போவது நானா, அந்தப் படமா?

என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காலின் நீளத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் பார்த்தவள். தைத்து முடித்த சட்டையும் பேண்ட்டும் என் மேஜைக்கு வரும். டேப் வைத்து அளப்பேன். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பேன். ஓட்டை இருந்தால் பிடிப்பேன். நீளம் கால் இஞ்ச் கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம். அரை இஞ்ச் என்றால் திரும்பப் போகும். முக்கால் இஞ்ச் கூடின பேண்ட்டை நான் பாஸ் பண்ணினேன் என்று தெரிந்தால் அன்றைக்கே என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வெளிநாட்டில் எவனோ நாலு நாள் போட்டுவிட்டுத் தூக்கி எறியப்போகிற பேண்ட்டுக்கு அவ்வளவு மரியாதை. நான் சாகும்வரை நடக்க வேண்டிய காலுக்கு ஒரு டேப் எடுத்து வைக்க ஆளில்லை.

செக்கிங் என்றால் நின்றுகொண்டே செய்கிற வேலை. காலையில் எட்டரைக்கு மேஜை முன்னால் நின்றால் சாயங்காலம் வரைக்கும், வேலை அதிகமிருந்தால் எட்டு மணி வரைக்கும். நடுவில் இரண்டு டீ, ஒரு சாப்பாடு. நின்று நின்று வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. கடைசி மூன்று வருஷம் வலி பொறுக்காமல், உடம்பின் எடையை எல்லாம் இடது காலில் போட்டு, வலது காலைத் தொங்கவிட்ட மாதிரிதான் நின்றேன். வெளியில் யாருக்கும் தெரியாது. கேட்டால் "காலு கொஞ்சம் மரத்திருச்சுங்க" என்பேன்.

தைப்பூசம் கழிந்த வாரம் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். போவதற்கு முன்னால் மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. "சித்திரை முடியற வரைக்கும் உங்க டேபிளுக்கு வேற ஆளை எடுக்க மாட்டேனுங்க. ஆனா கம்பு இல்லாம நல்லா நடந்து வரோணும். ஆடிட்டுக்கு வர்றவங்க கம்பு வச்சவங்களை ஃப்ளோர்ல பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மூன்றரை மாசம் கையில் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் என்னை வேறு எந்தக் கம்பெனியும் புதிதாக எடுக்காது. அந்த மேஜை போனால் நான் செக்கர் இல்லை, வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி. சித்திரை முடிவதற்குள் கம்பில்லாமல் நடக்க வேண்டும் என்பது ஒன்றே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த முதல் மாசத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. குனியக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. தாழ்ந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். கையிலிருந்து ஒரு ஸ்பூன் விழுந்தால் அது விழுந்த இடத்திலேயே கிடக்கும், யாராவது வந்து எடுக்கும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீட்டுக் கக்கூஸ் தரையோடு இருப்பது. அதன்மேல் போட இரும்பில் ஒரு ஸ்டூல் வாங்கிவந்தார் என் வீட்டுக்காரர். உட்கார்ந்தால் ஆடும். அவர் பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர். காலையில் வேலைக்குப் போகுமுன் அந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பார். முப்பது வருஷக் குடும்பத்தில் நான் அந்த மனுஷன் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் இருந்தது அந்த மாசம்தான்.

உடற்பயிற்சி என்று ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அரைக்கால் சட்டையோடு கட்டிலில் படுத்துக்கொண்டு காலைத் தூக்குகிறாள், சிரிக்க வேறு செய்கிறாள். பத்துத் தடவை, மூன்று வேளை. வலித்தால் நிறுத்துவதா, தொடருவதா? எந்தச் சதைக்காக எதைச் செய்கிறோம்? ஒரு எழுத்துக் கிடையாது. அவள் சிரித்த மாதிரி எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதைத் தவிர மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன்.

பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் நாத்தனார் எங்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணி என்பதற்கு என்னை நங்கை என்று கூப்பிடுவாள். வந்த அன்றைக்கே ஆரம்பித்தாள்.

"நான் அப்பவே சொன்னனல்லங்க நங்கை, கத்தி வெக்க வேண்டாம்னு. எண்ணெய்க் கட்டுக்குப் போயிருந்தா செரியாப் போயிருக்கும்."

"தேஞ்சுபோன எலும்பு எண்ணெய்க்கு எப்புடி வளரும்?" என்றேன்.

"செரி உடுங்க. இந்த வயசுல ஒரு காலு கொஞ்சம் நீளமாயிருந்தா என்னாயிருச்சு? ஓட்டப் பந்தயத்துக்கா போகப் போறீங்க?"

அவள் கேலிக்குச் சொன்னாள் என்று தெரியும். இருந்தாலும் அந்த ஆரஞ்சை எடுத்து அவள்மேலேயே எறிந்திருப்பேன். எழுந்திருக்க முடியாத குறைதான்.

கால் நீளமாக இருப்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. எழுந்து நின்றால் வலது பாதம் முதலில் தரையைத் தொடும். இடது பாதம் ஒரு நொடி கழித்துத்தான் வரும். நேராக நின்றால் இடது குதிகால் தரையில் படியாது. நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு ஒரு தூக்குத் தூக்கி இறங்கும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கீழே குனிந்து இரண்டு பாதத்தையும் பார்த்தார். "தெரியலியே புள்ள" என்றார். தறியில் ஒரு இழை அறுந்தால் பத்தடி தள்ளி நின்று சொல்கிற கண், என் காலைப் பார்த்துத் தெரியவில்லை என்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் டேப்பை எடுத்துவரச் சொன்னேன். கட்டிலில் நேராகப் படுத்துக்கொண்டேன். பேண்ட் அளப்பது எப்படி என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். இடுப்புப் பட்டி உட்காருகிற இடத்தில் டேப்பின் தலையை வைத்துக் கீழே இழுக்க வேண்டும். தொப்புளில் டேப்பின் தலையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் கணுக்கால் எலும்புவரை இழுத்தார். இடது கால் முப்பத்து மூன்றே கால். வலது கால் முப்பத்து நான்கு. மறுபடி அளக்கச் சொன்னேன். அதே முப்பத்து நான்கு. மூன்றாம் தடவையும் அளந்துவிட்டு அவர் டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். முக்கால் இஞ்ச். எனக்குக் கோபமும் வந்தது, ஒரு திருப்தியும் வந்தது. நான் பைத்தியக்காரி இல்லை, டேப் சொல்லிவிட்டது.

ஆறாம் வாரம் இரண்டாம் தடவை டாக்டரிடம் போனோம். அளவை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையிலேயே வைத்திருந்தேன். உள்ளே போனதும் நீட்டினேன்.

"அளந்து பாத்துட்டனுங்க சார். முக்கால் இஞ்ச் வருதுங்க."

அவர் தாளை வாங்கவில்லை. "வீட்டுல டேப் வச்சு அளக்கறதெல்லாம் வேண்டாம்மா. இது தையல் கடை இல்ல. மனசுல ஒண்ணைக் கற்பனை பண்ணிக்கிட்டா அப்படித்தான் தோணும். நல்லா நடங்க, நல்லாச் சாப்பிடுங்க" என்றார். படுக்கச் சொல்லி முழங்காலை மடக்கிப் பார்த்தார், இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். பிறகு ஃபைலில் ஏதோ இங்கிலீஷில் எழுதி என் கையில் கொடுத்தார். வெளியே எழுபது பேர் காத்திருந்தார்கள். அவருக்கு அவசரம் என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் தையல் கடை என்றாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது. தையல் கடையாக இருந்தால் இப்படி நடந்திருக்காது. எங்களிடம் ஒரு பீஸ் தப்பாக வந்தால் அந்தத் தப்பு இருக்கிற இடத்தைக் காட்டி அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் ஒட்டித்தான் திருப்பி அனுப்புவோம். எதற்குத் திரும்பியது என்று டெய்லருக்குத் தெரிய வேண்டாமா?

சித்திரை பிறக்க ஒரு மாசம்கூட இல்லை. டாக்டர் கேட்காவிட்டால் என் காலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற ஒருவர் இருந்தார். அவர் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என்னைச் சுவரைப் பிடித்து நிற்கச் சொன்னார். இடது பாதத்துக்கு அடியில் அட்டையை ஒவ்வொன்றாகச் செருகி, "இப்ப சமமா இருக்குதுங்களா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாலாவது அட்டையில் சமமானது. அந்தக் கனத்துக்கு இடது செருப்புக்கு ஒரு அடுக்கு வைத்து ஒட்டி, சுற்றிலும் தைத்துக் கொடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு என் இரண்டு பாதத்தையும் குனிந்து பார்த்து, நான் சொன்னதை நம்பின முதல் ஆள் அவர். அந்த மனுஷனை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அதைப் போட்டதும் எனக்கு உயிர் வந்தது. நேராக நின்றேன். உடம்பு தூக்கிப் போடவில்லை. வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை, சமையல் கட்டிலும் செருப்போடுதான். செருப்புப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள். சொல்லட்டும் என்று விட்டேன். சித்திரை முதல் வாரம் கம்பை மூலையில் வைத்துவிட்டு வாசல்வரை போய்வந்தேன். ஆனால் மூன்று வாரத்தில் நடு முதுகில் ஒரு வலி ஆரம்பித்தது. ராத்திரி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டு வைத்தால் முன்னைவிட மோசமாக நொண்டினேன். கால் இன்னும் நீளமாகிக்கொண்டே போகிறதோ என்றுகூடப் பயந்தேன்.

சித்திரைக் கடைசியில் மூன்றாம் தடவை டாக்டரிடம் போனேன். முதுகு வலியைச் சொன்னேன். கால் நீளத்தையும் விடாமல் சொன்னேன். மறுபடி எக்ஸ்ரே, மறுபடி கம்ப்யூட்டர். "எல்லாம் பர்ஃபெக்ட்டா இருக்கும்மா. முதுகு வலி வயசுக்கு வர்றதுதான்" என்றார். என் செருப்பை அவர் பார்க்கவே இல்லை. எப்படிப் பார்ப்பார்? அறைக்கு வெளியே 'காலணிகளை இங்கே விடவும்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நாமும் கோயிலுக்குள் போகிற மாதிரி பயபக்தியோடு கழற்றிவிட்டு உள்ளே போகிறோம். நானே எடுத்துப்போய்க் காட்டியிருக்கலாம். ஏற்கெனவே கற்பனை என்று சொன்ன ஆள், செருப்பைப் பார்த்தால் சிரிப்பார் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்குப் போனேன். கம்பில்லாமல் கேட்டிலிருந்து படி ஏறி மாடிவரை வந்துவிட்டேன். அங்கே வந்தபிறகுதான் உறைத்தது. ஃப்ளோருக்குள் செருப்புக் கிடையாது, துணியில் மண் படும் என்று எல்லாரும் வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருஷம் நானும் விட்டவள்தான், மற்றவர்களை விடச் சொல்லி அதட்டினவள்தான். கழற்றினேன். மேனேஜர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மெஷின் வரிசைக்கு நடுவில் நொண்டிக்கொண்டு போனேன். பாதி தூரத்தில் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். பழகின பிள்ளைகள் எல்லாம் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னும் ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுங்க" என்றார் மேனேஜர். குரலில் வருத்தம் இருந்தது. "அதுக்கப்புறம் பாக்கலாமுங்க."

"டேபிளு?"

"ஷிப்மெண்ட் இருக்குதல்லங்க. என்ன பண்றது."

அடுத்த வாரமே வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். அவளும் பிழைக்க வந்தவள். அவள்மேல் எனக்கு என்ன கோபம்?

முதுகு வலி தாங்காமல்தான் பிசியோதெரபிக்குப் போனேன். எங்கள் தெருமுனையில் புதிதாகப் போர்டு மாட்டியிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், புருஷனுக்கு இங்கே பனியன் கம்பெனியில் வேலை என்று இங்கே வந்து சின்னதாக ஒரு அறை எடுத்து நடத்துகிறாள். அந்த அறையில் செருப்பைக் கழற்று என்று பலகை இல்லை. உள்ளே நுழைந்ததும் அவள் கண் நேராக என் காலுக்குத்தான் போனது.

"என்னக்கா, இந்தச் செருப்ப யாரு கட்டிக் குடுத்தா? எத்தன நாளா போடுதிய?"

சொன்னேன். முக்கால் இஞ்ச் கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கருந்து அளந்திய?" என்று கேட்டாள். தொப்புளில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் என்னைப் படுக்க வைத்து, இடுப்பில் முன்னால் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பு முனையைத் தொட்டுக் காட்டி, அங்கே டேப்பின் தலையை வைத்து உள் கணுக்கால்வரை இழுத்தாள். முப்பத்தொன்று. அடுத்த கால். முப்பத்தொன்று. என்னையே டேப்பைப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். முப்பத்தொன்றுதான்.

"காலு நீளல அக்கா. இடுப்புதான் ஒரு பக்கமாச் சாஞ்சு கிடக்கு. வருஷக்கணக்கா இடது கால்லயே நின்னு சதை அப்படியே இறுகிப் போச்சு. வலது பக்கம் எறங்குன இடுப்பு காலையும் சேத்து எறக்கிட்டு. பயிற்சி செஞ்சா நிமிந்துரும். ஆனா நீங்க செருப்புல உயரத்த வச்சு அந்தச் சாய்வ அப்படியே நிக்க வச்சிட்டிய" என்றாள்.

சட்டை உயரம் அளக்கும்போது டேப்பின் தலையைத் தோள் உச்சியில் வைக்க வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் காலர் நடுவில் வைத்துவிட்டு அளவு தப்பு என்று வந்து நிற்பார்கள். எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். ஆரம்பிக்கிற இடம் தப்பானால் டேப்பு என்ன செய்யும் என்று நானே கத்தியிருக்கிறேன். என் உடம்பையே பேண்ட் என்று நினைத்து அளந்துவிட்டு, இரண்டு மாசம் அந்த அளவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன்.

அவள் ஃபைலைக் கேட்டாள். பழைய மஞ்சள் பையில் போட்டு எப்போதும் கூடவே கொண்டுபோகிற ஃபைல்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ், எம், எல், எக்ஸெல்லோடு சரி. அவள் தாள்களைத் திருப்பிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இதுலயே எழுதியிருக்காவளே."

"என்னன்னுங்க?"

"நீங்க ரெண்டாவது தடவ போனப்ப எழுதுனது. கால் நீளமாத் தெரியுதுன்னு சொல்லுதாங்க. எலும்பு அளவு ரெண்டும் சமம். இடுப்புச் சாய்வு. பயிற்சியில சரியாகும், செருப்புல உயரம் வைக்கக் கூடாது."

மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். செருப்புக்காரரிடம் போவதற்கு ஒரு வாரம் முன்னால் எழுதியது. டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னது கற்பனை இல்லை என்றும் தெரிந்திருக்கிறது, எதனால் என்றும் தெரிந்திருக்கிறது, எதைச் செய்யக் கூடாது என்றும் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஃபைலுக்குச் சொல்லிவிட்டு எனக்கு மட்டும் நல்லாச் சாப்பிடுங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தத் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நான் பஸ் ஸ்டாண்டில் போய்ச் செருப்புக்கு அடுக்கு வைத்தேன். அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டுதான் மூன்றாம் தடவை அவர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "படிச்சவங்க எழுதறது நமக்கு எங்க புரியுது. உடு புள்ள" என்றார். அன்றைக்கு நான் பேசின பேச்சை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். எழுதினது புரியாதது என் குற்றமா? வாய் திறந்து தமிழில் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? இடுப்புத்தான் சாய்ந்திருக்கிறது, கால் நீளவில்லை, உயரச் செருப்புப் போடாதே. இதைச் சொல்ல எழுபது பேர் காத்திருந்தால்தான் என்ன? தையல் கடை இல்லை என்று சொல்லவும் கற்பனை என்று சொல்லவும் இருந்த நேரம் இதற்கு மட்டும் எப்படி இல்லாமல் போனது? நான் கத்தி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "எப்பப் போகோணும்னு சொல்லு, நானும் வாரேன்" என்றார்.

உடனே போகவில்லை. முதலில் நடக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் செருப்பைப் பிசியோதெரபிக்காரியே வாங்கி வைத்துக்கொண்டாள், நான் மறுபடி போட்டுவிடுவேனோ என்று பயந்து. ஒரு நாள் விடாமல் இரண்டரை மாசம் அவளிடம் போனேன். இறுகின சதையை இழுக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். எதை எதற்காக இழுக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இழுப்பாள். காரணம் தெரிந்ததால் அந்த வலியைப் பொறுத்துக்கொண்டேன். ஆடி முடியும்போது வெறும் காலோடு நின்றால் இரண்டு குதிகாலும் தரையில் படிந்தன. இன்னும் வேகமாக நடந்தால் கொஞ்சம் சாய்கிறது. அதுவும் போகும் என்கிறாள். மேஜை போனது போனதுதான். இப்போது தைத்த துணியில் தொங்குகிற நூல் பிசிரை வெட்டுகிற வேலையை வீட்டுக்கே வாங்கிவந்து செய்கிறேன், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் வெட்டாமல் விட்ட பிசிரைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவள் நான்.

ஆவணியில் ஆறு மாசத்துப் பரிசோதனை என்று டாக்டரிடம் போனோம். வெளியே செருப்பை விட்டேன். சாதாரணச் செருப்பு. கம்பில்லாமல் உள்ளே நடந்து போனேன். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களாம்மா? நான் சொன்னேன்ல, நல்லாயிடும்னு."

நான் உட்காரவில்லை. ஃபைலைத் திறந்து, பிசியோதெரபிக்காரி நின்ற பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதைக் கொஞ்சம் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க சார்."

"எதுக்கும்மா?"

"நான் படிக்காதவளுங்க. என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கோணும்."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், முகத்தைத் திருப்பவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. வெளி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் மெல்ல வாசித்தார். கால் நீளமாகத் தெரிவதாகச் சொல்கிறார். எலும்பு அளவு சமம், இடுப்புச் சாய்வு. பயிற்சியில் சரியாகும், செருப்பில் உயரம் வைக்கக் கூடாது. வாசித்துவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் வரி எண்ணத் தெரியும். விரல் வைத்துக் காட்டினேன்.

"நாலு வரி இருக்குதுங்க சார். மூணுதான் வாசிச்சீங்க."

"அது ஒண்ணும் இல்லம்மா. வழக்கமா எல்லாருக்கும் எழுதறது."

"அதையும் வாசிங்க."

பிசியோதெரபிக்காரியும் அந்த வரியை எனக்கு வாசிக்காமல் விட்டிருந்தாள். நான் வருத்தப்படுவேன் என்று விட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் புரிந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது.

"நோயாளிக்கு விளக்கிச் சொல்லப்பட்டது" என்று வாசித்தார்.

"எந்த நோயாளிக்குங்க?" என்று கேட்டேன்.

அவர் ஃபைலை மூடினார். நான் மறுபடியும் திறந்து வைத்தேன்.